முகாம் முடிந்த பிறகும் வருகிற பிள்ளைகள்

வள்ளியூர் வாசகர் ஒருவரின் கேள்வி – ஜனவரி 4

என் மகன் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருக்கிறான். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைகூட விடியுமுன் எழுந்து ஓடினவன், இப்போது "சர்டிபிகேட் எப்படியும் வந்துரும்பா" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை கிடையாது, சான்றிதழுக்குத்தான் வருகிறார்கள் என்பது என் எண்ணம். சான்றிதழை நிறுத்திவிட்டால் உண்மையான தொண்டர் யார் என்று தெரிந்துவிடும். சரிதானே?

ஜனவரி 4, இரவு 10.40

சரியில்லை. சான்றிதழை நிறுத்தினால் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள்.

நான் கல்லூரி ஆசிரியன். என்.எஸ்.எஸ். திட்ட அலுவலராக இருந்தவன். அதற்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கம் மாணவனாக வாய்க்கால் தூர்வாரினவன். உங்கள் கேள்வியில் ஒரு வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. முதல் வருஷம் விடியுமுன் எழுந்து ஓடினான் என்கிறீர்கள். அப்படியானால் மனப்பான்மை இருந்திருக்கிறது. வரும்போது கொண்டுவந்தவன் நடுவில் இழந்திருக்கிறான். இதுவரை அவனுக்கு என்னென்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

ஜனவரி 5

வெளியே இருப்பவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அப்போது 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இன்றைக்கு அதன் எலும்புக்கூடு இதுதான். வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம். அந்த இரண்டு வருஷத்துக்குள் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. ஒரு அணியில் 100 மாணவர், அவர்களுக்கு ஒரு திட்ட அலுவலர். அந்த அலுவலர் வகுப்பும் எடுக்க வேண்டும், விடைத்தாளும் திருத்த வேண்டும்.

இந்த 120 மணி நேரம் எப்படி நிரம்புகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உறுதிமொழி ஏற்பு, விழிப்புணர்வுப் பேரணி, சிறப்புரை, மறுபடியும் ஒரு பேரணி. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை பத்து மணி வெயிலில் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனை நினைத்துப்பாருங்கள். விருந்தினர் வரப் பதினொன்றரை ஆகும். கொடி அசைப்பார், படம் எடுப்பார்கள், பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் நடந்து திரும்புவார்கள். அன்றைக்கு அவன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரிசையில் 99 பேர் நின்றிருப்பார்கள். யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. அது அவனுக்கும் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். தான் வராவிட்டால் ஒரு ஆளுக்கு, ஒரு இடத்துக்கு உண்மையாகவே குறையும் என்று தெரிந்த பிள்ளை வந்துகொண்டே இருக்கும். குறையாது என்று தெரிந்த பிள்ளை நின்றுவிடும். சோம்பல் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

ஜனவரி 5, மாலை

"அப்ப பேரணியே வேண்டாமா?" என்று ஒருவர். வேண்டும். வருஷத்துக்கு ஒன்று, நடக்கிற பிள்ளைகளே விஷயத்தைத் தேர்ந்து, அவர்களே பதாகை எழுதினால் வேண்டும்.

ஜனவரி 7

முந்தாநாள் சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டன. அதனால் இந்த ஊர்க் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் படிப்பது எங்களுக்குப் புதிதில்லை. பருவத் தேர்வு வந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்போம். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். எழுதுகிற பிள்ளையும் அந்த நான்கு மணி நேரமும் குனிந்த தலை நிமிராமல் உட்கார வேண்டும்.

முதலில் இதை "தியாகம்" மாதிரி அறிவித்தோம். கை தூக்கினவர்கள் குறைவு. பிறகு நாங்களே அறிவிப்பதை விட்டுவிட்டு, பார்வையற்ற மாணவர் ஒருவரை அணிக் கூட்டத்துக்கு அழைத்தோம். அவர் வந்து ஒரு மணி நேரம் வேலையைக் கற்றுக்கொடுத்தார். கேள்வித்தாளை முதலில் முழுசாக வாசிக்க வேண்டும், மதிப்பெண்ணோடு சேர்த்து. பிறகு அவர் கேட்கிற கேள்வியை மட்டும் மறுபடி. அவர் தப்பாகச் சொன்னாலும் தப்பாகவே எழுத வேண்டும். முகத்தைச் சுளிக்கிறது தெரியாவிட்டாலும் மூச்சு மாறுகிறது அவருக்குக் கேட்கும். ஊர்ப்பெயர், ஆள்பெயர் வந்தால் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை பக்கம் ஆயிற்று, எவ்வளவு நேரம் மீதி என்று இடையிடையே சொல்ல வேண்டும். "நீங்க எனக்கு உதவி பண்ண வரல, என் கையா இருக்க வாறீங்க. கை யோசிக்கக் கூடாது" என்றார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

அன்றைக்குச் சேர்ந்தவர்களில் முன்னீர்பள்ளம் பக்கத்துப் பெண் ஒருத்தி. பி.காம். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு ஒரு தேர்வு எழுதப் போனாள். முடிந்து வெளியே வரும்போது அந்த மாணவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வியாழக்கிழமையும் நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமை இவளுக்கு வீட்டில் ஏதோ விசேஷம். அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த பருவத்திலும் வந்தாள். படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் லீவு போட்டு வருகிறாள். சான்றிதழை அவள் எப்போதோ வாங்கிவிட்டாள்.

அந்தக் கேள்வியைப் போன்ற ஒன்றை எந்தப் பேரணியும் ஒரு பிள்ளையிடம் கேட்காது.

ஜனவரி 8

தென்காசி நண்பர் ஒருவர், "உங்கள் அனுபவம் சரி, இதையெல்லாம் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?" என்கிறார். நிறைய. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணை நின்ற தன்னார்வலர்களை ஓமோட்டோ, ஸ்னைடர் என்ற இருவர் இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1995இல் வெளியான முடிவு பலரை அசைத்தது. பிறருக்காக மட்டுமே வந்தேன் என்றவர்களைவிட, நானும் எதையாவது கற்றுக்கொள்ளணும், எனக்கும் ஒரு மதிப்பு வரணும் என்று வந்தவர்கள்தான் அதிக காலம் நின்றார்கள். 1998இல் கிளாரி, ஸ்னைடர் குழு தன்னார்வலர்கள் வருவதற்கான காரணங்களை ஆறாகப் பிரித்தது: கொண்ட கொள்கை, அறிந்துகொள்ளும் ஆசை, தன்மதிப்பு, நண்பர் வட்டம், வேலைவாய்ப்பு, மனச்சுமையிலிருந்து விடுபடுதல். ஒருவர் எதைத் தேடி வந்தாரோ அது கிடைத்தால் திருப்தி, திருப்தி இருந்தால் தொடர்ச்சி.

மூன்றாவது 1999. கட்டாயமாகத் தொண்டுக்கு அனுப்பப்பட்ட கல்லூரி மாணவர்களைப் பற்றியது. தானாக வந்திருக்க மாட்டேன் என்று நினைத்தவர்களிடம் அந்தக் கட்டாயம், இனிமேல் செய்வோம் என்ற எண்ணத்தையே குறைத்துவிட்டது.

ஆகவே வேலைக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும் என்று வருகிற பிள்ளையைக் குறைவாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ராதாபுரம் பக்கத்திலிருந்து, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பையன் அவன். அவன் அப்பா பீடிக்கடைக் கணக்கில் கைநாட்டு வைக்கிறவர். அந்தத் தாளை அவன் கேட்கத்தான் செய்வான். கேட்கட்டும். தாளுக்காக வந்தவன் எதற்காகத் தங்குவான் என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

ஜனவரி 8, அரை மணி கழித்து

மேலே உள்ளதை வாசித்துவிட்டுச் சான்றிதழால் கெடுதலே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1973இல் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தாங்களாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வு.

இதில் எங்களுக்குப் பாடம் உண்டு. சேர்க்கைக் கூட்டத்தில் முதல் வாக்கியமாகவே சான்றிதழைச் சொல்கிறோம். கடைசி வாக்கியமாகக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 9

இல்லம் தேடிக் கல்வியைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: ஆம், அதில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். 2021 அக்டோபரில், கொரோனாவால் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பணம் கொடுத்தால் தொண்டுள்ளம் போய்விடும் என்று அப்போது என்னோடு வாதாடியவர்கள் உண்டு. எங்கள் தெருவில் அதை நடத்தின பெண்ணுக்குத் தொகை தாமதமாக வந்த மாதங்களிலும் வகுப்பு நின்றதில்லை. ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் அவள் வாசலில் வந்து "அக்கா, பாய் விரிக்கட்டா?" என்று நிற்கும்போது அவள் எப்படி நிறுத்துவாள்? ஒரே தெரு, முகம் தெரிந்த பிள்ளைகள். அந்த 1,000 ரூபாய் அவள் வீட்டில் அவளுக்கு நேரம் வாங்கிக்கொடுத்தது. "சம்பளம் வருதுல்லா, போட்டும்" என்று மாமியார் விட்டார்.

ஜனவரி 11

வெள்ளத்தைப் பற்றி எழுதாமல் இந்த ஊரில் தொண்டைப் பற்றி எழுத முடியாது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டது. சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வாரம் எங்கள் பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை. போன் வேலை செய்யாத நேரத்தில்கூட நடந்தே கல்லூரிக்கு வந்து, "சார், எங்க போகணும்?" என்றார்கள். வருகைப் பதிவேட்டில் ஒருநாளும் பார்க்காத பெயர்களெல்லாம் வந்தன. பொட்டலம் கட்டினார்கள், கழுத்தளவுத் தண்ணீர் வடிந்த வீடுகளில் பாத்திரம் தேடிக் கொடுத்தார்கள், தூக்க முடியாத ஆச்சிகளை நாற்காலியோடு தூக்கினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவது அந்த வாரத்தை நினைத்துத்தான்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். ஜனவரி பிறந்தபோது சேறு வீட்டுக்குள் அப்படியே கிடந்தது. கிணற்றில் சேறு, வயலில் மணல்மேடு, பள்ளிக்கூடத்தில் புத்தகம் ஊறிப்போய்ப் பிள்ளைகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வந்தவர்கள் மிகக் குறைவு. ஏரல் பக்கம் ஒரு அம்மா, "பொங்கலுக்கு முன்ன லாரி லாரியா வந்துச்சு தம்பி, இப்பதான் ஆள் வேணும்" என்றார்.

ஏன் குறைந்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். மனசு வற்றிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. "எங்க போகணும், யாரைக் கேக்கணும்னு தெரியல சார்" என்றார்கள். டிசம்பரில் கண்ணுக்கு எதிரே வேலை கிடந்தது. ஜனவரியில் வேலையைப் பெரியவர்கள் தேடி, பிரித்து, தெரு வாரியாகப் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த சில அணிகளில் பிள்ளைகள் மாசி வரை போனார்கள்.

ஜனவரி 12

முகாமில் சாப்பாடு முக்கியமா என்று ஒரு தம்பி. மிக முக்கியம். ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் அந்த ஊர் சொந்த ஊராகிவிடும். வெளியே ஆர்டர் கொடுத்து வேனில் சாப்பாடு இறக்கின முகாமில் அது நடந்து நான் பார்த்ததில்லை. முகாம் முடிகிற அன்று அந்த வீட்டுச் சித்தி சொதி வைத்துக் கொடுத்தால், பிறகு கோயில் கொடைக்கு வரச் சொல்லி போன் வரும், பிள்ளைகளும் போவார்கள். போனவர்கள் சும்மா வருவதில்லை. "சார், அங்கன தெருவிளக்கு இன்னும் எரியல" என்று வந்து நிற்பார்கள்.

ஜனவரி 13

சந்தையில் பனங்கிழங்குக் கட்டுகளைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது.

ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள். எல்லாக் கல்லூரியிலும் மரக்கன்று நடுவார்கள். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் அப்போது சாரல் இருக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் என்ன இருக்கும்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்றுதான். காற்றாலை சுற்றுகிற காற்று. மண்ணில் ஈரம் என்பதே கிடையாது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்ட கன்று ஆடி முடியுமுன் குச்சியாகிவிடும். அடுத்த வருஷம் அதே குழியில் அடுத்த கன்று, அதே பிள்ளைகள். இரண்டாம் முறை குழி தோண்டுகிற பையன் என்ன நினைப்பான்? நம் வேலை வீண் என்று நினைப்பான். நினைத்தால் தப்பா?

இதற்கு நேர்மாறாகப் பனை விதை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். பொறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் குளத்துக் கரையில் ஊன்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி போட வேண்டாம். ஆனால் பனை முதலில் கீழேதான் போகும். மண்ணுக்குள் கிழங்கு இறங்கும், மேலே மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. நட்ட பிள்ளைகளுக்கு அது தெரியாவிட்டால் "முளைக்கல சார்" என்று சோர்ந்துவிடுவார்கள். அதனால் ஓரமாக ஒரு பாத்தியில் நெருக்கமாகக் கொஞ்சம் விதை புதைக்கச் சொல்வோம். தைக்கு அந்தப் பாத்தியைத் தோண்டினால் கிழங்கு. அவித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, எல்லாரும் கரையிலேயே உட்கார்ந்து தின்போம். நட்டது மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது என்று வாயாலேயே தெரிந்துகொள்வார்கள். பாளை விட அந்த மரத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் அடுத்த ஆவணிக்கு அவர்களே சாக்குப் பையோடு வந்துவிடுவார்கள்.

ஜனவரி 14

நேற்றைய குறிப்பை எழுதின பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜனவரி 5இல், தான் வராவிட்டால் ஒருவருக்குக் குறையும் என்பதுதான் பிள்ளையைத் தொடர்ந்து வரவைக்கும் என்றேன். பனைக்கு யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆகவே அது மட்டும் காரணமில்லை. செய்ததன் பலன் கண்ணில் படுவது இன்னொன்று. முன்னதில் ஒரு முகம் காத்திருக்கிறது, பின்னதில் ஒரு வேலை முடிவதைப் பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இரண்டும் இல்லாத வேலைக்கு உதாரணம் வீடுவீடாகக் கணக்கெடுப்பு. முகாமில் பிள்ளைகள் தாளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை உண்டா, ரேஷன் கார்டு உண்டா என்று கேட்டு நிரப்புவார்கள். கட்டு அலமாரிக்குள் போகும். ஒரு முறை ஒரு ஊரில் பெரியவர் ஒருவர், "போன வருஷமும் இதேதான் கேட்டிய. என்ன ஆச்சு?" என்றார். அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். எடுத்த கணக்கை ஆறாம் நாள் சாயங்காலம் ஊர் முன்னால், பிள்ளைகள் வாயாலேயே வாசிக்க வேண்டும். முதியோர் உதவித்தொகை கிடைக்காதவர் இத்தனை பேர், மனு எழுதியாயிற்று, இன்ன தேதியில் தாலுகா ஆபீசில் கொடுப்போம் என்று. ஊர்க்காரர்கள் தப்பைத் திருத்துவார்கள், "எங்க வீட்ட விட்டுட்டியளே" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை நல்லது.

ஜனவரி 16

ரத்ததானம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். முகாம் நடத்தினால் பெண் பிள்ளைகளில் பலர் ரத்தம் போதாமல் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஆசையோடு வந்து வரிசையில் நின்று திரும்பிப் போகிற முகம் பார்க்கச் சகிக்காது. அவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது. எங்களிடம் கொடையாளர் பட்டியலை வைத்திருப்பது அந்தப் பெண்கள்தான். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) ஒருவருக்கு ரத்தம் வேண்டுமென்று அழைப்பு வந்தால், யார் கடைசியாக எப்போது கொடுத்தார், இப்போது ஊரில் இருக்கிறாரா என்று பார்த்து ஆளைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. மறுநாள் "அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்துக் கொடுத்தவனுக்குச் சொல்வதும் அவர்கள்தான். அந்தச் செய்தி கிடைத்தவன் அடுத்த முறை கூப்பிட்டால் வந்துவிடுவான். அதோடு கீரையும் முட்டையும் சாப்பிட்டு 12.5ஐத் தாண்டி, அடுத்த வருஷம் ஜெயித்த முகத்தோடு வந்து படுத்த பெண்களும் உண்டு.

ஜனவரி 17

பெண் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு மனப்பான்மை காரணம் என்று எழுதியவருக்கு: கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்களா? சேரன்மகாதேவிக்கு உள்ளே, களக்காட்டுக்கு உள்ளே இருக்கிற ஊர்களுக்கு இருட்டின பிறகு பஸ்ஸைத் தேட வேண்டும். நிகழ்ச்சி ஐந்து மணிக்கு முடியும் என்று சொல்லி ஆறரைக்கு முடித்தால், அந்தப் பெண் வீட்டில் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு முறை தாமதம் போதும், அப்பா நிறுத்திவிடுவார். முகாமில் தங்கும் பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், ஒரு ஆசிரியை உடன் தங்குவது. இவை இருந்தால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துத் தானாக வரும்.

ஜனவரி 19

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

நம் பக்கத்து ஊரில் முகாம் போட்டால் முதல் நாள் எந்தத் தெருவில் விளக்குமாற்றை எடுக்கிறோம் என்பதை ஊரே பார்க்கும். கோயில் தெருவில் தொடங்கி அங்கேயே ஏழு நாளும் முடித்துவிட்டு வருகிற முகாம்கள் உண்டு. காலனிப் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அணியிலும் அந்தத் தெருவிலிருந்து வந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்களே. அவர்கள் மனசு என்ன பாடுபடும்? அப்படி ஒரு முகாமுக்குப் பின் மூன்று பேர் மொத்தமாக வராமல் போனார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதி அடையாள வண்ணக் கயிறு கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிற்றை அவிழ்ப்பதற்கு உத்தரவு உதவும். ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே சட்டியைக் கழுவி, ஒரு சாக்கடையில் சேர்ந்து இறங்கினால் அதற்கு மேலும் நடக்கும் என்று நான் நம்புகிறேன், பார்த்தும் இருக்கிறேன். ஆனால் அது தானாக நடக்காது. வேலைக் குழுவைப் பிள்ளைகள் தாங்களாகப் பிரித்துக்கொண்டால் ஊர்வாரியாகவும் தெருவாரியாகவும்தான் பிரிவார்கள். சீட்டுக் குலுக்குங்கள். முதல் நாள் காலனியில் தொடங்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் இதை முகாமுக்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள், பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். சம்மதிக்காத ஊர் என்றால் வேறு ஊர் பாருங்கள்.

ஜனவரி 21

வள்ளியூர்க்காரர் மகனிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார், மிக்க மகிழ்ச்சி. பையன் சொன்னது: "முதல் வருஷம் கூந்தன்குளத்துக்குப் பறவை எண்ணக் கூட்டிட்டுப் போனாங்க. இந்த வருஷம் போட்டோவுக்கு நிக்கிறதுதான் வேலை."

பாருங்கள், அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இலிருந்து ஜனவரியில் நடக்கிறது. குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். விடியலில் கரையில் நின்று கூழைக்கடா, சங்குவளை நாரை, பட்டைத்தலை வாத்து என்று பிரித்தறிந்து எண்ணுவது லேசான வேலையில்லை. கற்றுக்கொண்டவனுக்கு அது ஆயுசுக்கும் வரும். அவன் எண்ணின எண்ணிக்கை வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கில் சேர்கிறது. அந்த ஊர்க்காரர்களே பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அதையும் அவன் நேரில் கேட்டிருப்பான். அங்கிருந்து வந்தவனை மைதானத்தில் பதாகையோடு நிறுத்தினால் போர்வையைத்தான் இழுத்து மூடுவான்.

ஜனவரி 22

திட்ட அலுவலர்களைக் குறை சொல்லாதீர்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் வருத்தம் நியாயமானது. மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும்: இன்ன நாள் கொண்டாடி, மாலைக்குள் படம் அனுப்புக. அடுத்த வாரம் இன்னொன்று. நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாட வேளை போக மிச்ச நேரத்தில், படம் வருகிற வேலையைத்தான் செய்ய முடியும். படம் வராத வேலைக்கு நேரம் ஒதுக்க முதல்வர் துணை வேண்டும்.

எனக்கு உதவியது மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள். 240 மணி நேரம் முடிந்தவுடன் அவர்களை விடைகொடுத்து அனுப்பிவிடுகிறோம். வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு முதலாண்டுப் பிள்ளைகளை ஒப்படைத்து, எந்த வேலை, எந்த ஊர் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். சில முடிவுகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குழு ஆற்றங்கரையில் படிந்த பழந்துணி பொறுக்கப் பாபநாசம் போவோம் என்றது. பரிகாரம் என்று மக்கள் ஆற்றில் விடுகிற துணி. நாற்றம், கண்ணாடிச் சில் வேறு. வேண்டாம் என்றேன். கையுறைக்கு அவர்களே காசு சேர்த்துக்கொண்டு போனார்கள். திரும்பத் திரும்பப் போனார்கள். நான் தேர்ந்துகொடுத்த எந்த வேலைக்கும் அவர்கள் அப்படிப் போனதில்லை.

ஜனவரி 25

வள்ளியூர்க்காரருக்கு, கடைசியாக ஒரு வேலை. ஏப்ரல் பருவத் தேர்வுக்குப் பார்வையற்ற மாணவர்களுக்காக எழுத ஆள் வேண்டிப் பிப்ரவரி கடைசியில் பட்டியல் போடுவார்கள். உங்கள் மகன் இரண்டாம் ஆண்டு, அறிவியல். கலைப்பிரிவு மூன்றாம் ஆண்டு மாணவருக்கு அவன் எழுதலாம். அதே பாடம் படிக்கிறவனாகவோ அதற்கு மேல் படித்தவனாகவோ இருக்கக் கூடாது என்பார்கள், அவன் கல்லூரி விதியைத் தேர்வுப் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். அவன் கொடுக்க வேண்டிய விவரம் மூன்று: தமிழில் வேகமாக எழுதுவானா ஆங்கிலத்திலா, தன் தேர்வு இல்லாத நாட்கள் எவை, காலையா மதியமா. திட்ட அலுவலரிடம் நேரில் போய்க் கேட்கட்டும். நீங்கள் பேச வேண்டாம், அவனே பேசட்டும்.